எத்தனை மணிக்கு எடுத்த தண்ணீர்?

பள்ளிகொண்டாவில் தண்ணீரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கை தானாக மேற்கே நீளும். தோல் ஆலைகள் நிறைந்த வாணியம்பாடி, ஆம்பூர், துத்திப்பட்டு பக்கமிருந்து பாலாறு இறங்கிவரும் திசை அது. ஆற்றில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும் நாட்கள் குறைவு. ஓடுவதெல்லாம் மணலுக்கு அடியில்தான். மேலே இருப்பவர்கள் மண்ணில் விட்டது கீழே இருப்பவர்களின் கிணற்றில் வந்து சேரும். இதைத் தெரிந்துகொள்ள யாரும் வேதியியல் படிக்க வேண்டியதில்லை. நான் படித்திருந்தேன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு அதையே நடத்திக்கொண்டிருந்தேன். அதனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊர்க்காரர்கள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"வாத்தியாரே, இதுல இன்னா கீதுன்னு பாத்துச் சொல்லு."

என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் சித்தப்பா கிணற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி நுனிநாக்கால் தொட்டுப் பார்த்து, "போன வருஷம் இந்தக் கசப்பு ஆடியிலதான் வந்துச்சு, இப்ப சித்திரையிலயே வந்துடுச்சு" என்பார். துணி சோப்பு நுரைக்கவில்லை. பசுமாடு தொட்டியில் மூக்கை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தென்னங்காய் கை அளவுக்குச் சுருங்கிப்போனது. வெயில் காலத்தில் வரப்பை ஒட்டி வெள்ளையாக உப்புப் பூத்தது. எந்தக் கிணறு முதலில் கெட்டது, எது அடுத்தது என்று வரிசையாகச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் அவர்களுக்கு ஒரு காகிதம் தேவைப்பட்டது. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால், "டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கா?" என்று கேட்டார்கள். நாக்கு ரிப்போர்ட் கொடுக்காது.

பள்ளி ஆய்வகத்தில் என்னால் செய்ய முடிந்தது குளோரைடு பார்ப்பதுதான். பிப்பெட்டில் தண்ணீரை எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, பொட்டாசியம் குரோமேட் கரைசலில் சில சொட்டு சேர்த்தால் மஞ்சளாகும். பியூரெட்டிலிருந்து சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். மஞ்சள் மாறிச் செங்கல் நிறம் எட்டிப்பார்க்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். நல்ல தண்ணீருக்கு நிறம் சட்டென்று மாறிவிடும். சித்தப்பாவின் கிணற்றுத் தண்ணீருக்கு பியூரெட் காலியாகி மறுபடியும் நிரப்ப வேண்டியிருந்தது. சில்வர் நைட்ரேட் விலை கூடிய சரக்கு. தலைமையாசிரியருக்குத் தெரிந்தும் தெரியாமலும்தான் இந்த வேலை நடந்தது. குரோமியத்துக்குப் பயந்து வந்தவர்களின் தண்ணீரைக் குரோமியச் சேர்மம் ஒன்றைச் சொட்டித்தான் சோதித்தேன் என்பது எனக்கு மட்டும் புரிந்த வேடிக்கை.

அவர்கள் கேட்டது தோல் பதனிடப் போடும் குரோமியம். பத்திரிகையில் அந்தப் பெயர்தான் வந்துகொண்டிருந்தது. "குரோமியம்னு எழுதிக்குடு, பொய்யா சொல்லப்போற?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். தண்ணீரில் அவ்வளவு நுண்ணிய அளவில் குரோமியத்தைப் பார்க்கும் கருவி எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது? நான் குளோரைடு மட்டும் எழுதினேன், கீழே மற்றவை சோதிக்கப்படவில்லை என்றும் எழுதினேன். ஊரில் அது எடுபடவில்லை. "உப்புன்னு எழுதியிருக்கான், உப்பு யாரைக் கொல்லும்?" என்றார்கள். இன்றைக்கும் நான் அப்படித்தான் எழுதுவேன். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் தோல் ஷாப்புக்கு வரும். அந்த உப்பைக் கழுவி விடுவதுதான் முதல் வேலை. இந்தப் பகுதி நிலங்களைக் கெடுத்ததில் அந்தச் சாதாரண உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. குரோமியத்தைச் சுத்திகரிப்பில் ஓரளவு வண்டலாகப் பிடித்து நிறுத்தலாம். உப்பு அப்படி நிற்காது, கரைந்து போய்க்கொண்டே இருக்கும்.

அந்தக் காகிதத்தோடு மாவட்டத் தலைநகரில் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். அங்கிருந்த பொறியாளர் மரியாதையாகப் பேசினார், டீ கூட வரவழைத்தார். காகிதத்தைப் படித்துவிட்டு, "டைட்ரேஷன் நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா இது செல்லாது சார்" என்றார்.

அவர் சொன்னது சரி. 1974-ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டத்தில் 21-ஆம் பிரிவை அதன்பிறகுதான் தேடிப் படித்தேன். ஆலைக் கழிவுநீரின் மாதிரியை எடுக்கும் அதிகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, அல்லது அது அதிகாரம் கொடுத்தவருக்கு மட்டும். எடுக்கும்போதே ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அவர் முன்னிலையில் இரண்டாகப் பிரிக்க வேண்டும், முத்திரை வைத்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இந்த முறை தவறினால் ரிசல்ட் நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகாது. நியாயமான விதிதான். இல்லாவிட்டால் வேண்டாதவன் ஆலையின் பேரில் யாரும் ஒரு பாட்டிலை நீட்டலாம். ஆனால் இதே விதி இன்னொரு வேலையும் செய்கிறது. தப்பு நடக்கும் இடத்தில் உள்ளே போய்த் தண்ணீர் எடுக்கும் உரிமை ஓர் அலுவலகத்தின் கையில் இருந்தால், எப்போது போவது, எப்போது போகாமல் இருப்பது என்பதும் அந்த அலுவலகத்தின் கையில்தான். அந்த 'எப்போது'க்கு ஒரு விலை உண்டு என்பதை ஊரில் குழந்தைகூடச் சொல்லும்.

எங்களைப்போன்றவர்கள் பியூரெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. எம்.சி. மேத்தா வாதாடினார். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் வேண்டும். சட்டக் கல்லூரிகளில் இன்றும் நடத்துகிற தீர்ப்பு. எனக்கு அதில் பிடித்த பகுதி வேறு. தன் செயலால் கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஆலை நடத்துகிறவனுடையது என்று அது சொன்னது. அதாவது என் சித்தப்பா பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. வாசலில் நிற்பவனிடம் ரிப்போர்ட் கேட்பதை நிறுத்தச் சொன்ன முதல் ஆள் எனக்குத் தெரிந்து உச்ச நீதிமன்றம்தான்.

அந்தத் தீர்ப்பும் நிபுணர்களை நம்பித்தான் நின்றது. நாக்பூரின் நீரி சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் ஆய்வு செய்தது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம், தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்று கணக்குச் சொல்லியிருந்தது. பிறகு அமைந்த சூழல் இழப்பு ஆணையம் வேலூர்ப் பகுதியில் பார்த்துப் பார்த்து ஒதுக்கியபோது நிலம் சுமார் 15,000 ஹெக்டேரில் வந்து நின்றது. 29,193 குடும்பங்கள், சுமார் 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் குடும்பத்துக்குப் பத்தாயிரம்கூடத் தேறாது. இரண்டு கணக்கையும் போட்டவர்கள் படித்தவர்கள். ஒருவர் பாதிக்கப்பட்ட நிலத்தைக் கேட்டார், மற்றவர் நஷ்டஈட்டுக்குத் தகுதியான நிலத்தைக் கேட்டார். கேள்வி மாறினால் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் காணாமல் போகும். அதில் யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

நஷ்டஈட்டு வேலையில் என் படிப்பு ஒன்றுக்கும் உதவவில்லை. அங்கே தேவைப்பட்டது சிட்டா, அடங்கல், வாரிசுச் சான்று. தாத்தா பெயரில் பட்டா, சித்தப்பா கையில் ஏர். அவருக்கு நிலம் தன்னுடையது என்று காட்டவே ஒவ்வொரு மேஜையாகப் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு மாமூல் இருந்தது. ஊரில் ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை ஒருவர் இருந்தார். எந்தப் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் எது இருக்கும், எதை 'காணவில்லை' என்று சொல்ல முடியாது என்பது அவருக்கு அத்துப்படி. அவர் துணைக்கு வந்த நாட்களில் மேஜைக்காரர்கள் கையை நீட்டவில்லை. அவரும் சர்வீஸில் இருந்தபோது வாங்கியவர்தான் என்று சிலர் முணுமுணுத்தார்கள். இருக்கலாம். அந்த வழி தெரிந்தவரால்தான் அந்த வழியை அடைக்கவும் முடிந்தது. கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடங்கலில் அவர்கள் பெயர் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கெடுத்ததிலும் நிபுணர்களுக்குப் பங்கு உண்டு. அந்தக் காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பெரும்பாலும் பதனிட்டார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலாக ஏற்றுமதி செய்வதைக் குறைத்து முழுப் பொருளாக விற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்நியச் செலாவணிக்கு அது நல்ல யோசனைதான். ட்ரம் வந்தது, குரோம் வந்தது, ஷூ கம்பெனிகள் வந்தன. இன்றைக்கும் காலையில் பள்ளிகொண்டா கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். அவர்கள் சம்பளத்தையும் சித்தப்பாவின் கிணற்றையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியாது. அந்தக் குழுவின் அறிக்கையை எழுதியவர்கள் லஞ்சம் வாங்கவில்லை. கீழே கிணறு இருக்கிறது என்பது அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வியில் இல்லை.

'எப்போது' என்பதைச் சொன்னேன். அதை எனக்கு விளக்கியது ஒரு டீக்கடை. மேற்கே ஒரு தோல் ஷாப்பில் தொட்டி கழுவும் ஆள் அவர். எங்கள் ஊர் மாப்பிள்ளை. டம்ளரைப் பிடித்த விரல்களில் நகக்கண்ணெல்லாம் சாம்பல் நீலம். ஆபீஸர் வருவது முந்தின நாள் மாலையே தெரிந்துவிடும் என்றார். தெரிந்ததும் எந்த வால்வை மூடுவார்கள், எந்தத் தொட்டியில் போர்த் தண்ணீரை விட்டுக் கலக்குவார்கள், எந்தக் குழாய் வாயில் மாதிரி எடுக்க வைப்பார்கள் என்று வரிசையாகச் சொன்னார். மழை பிடித்தால் சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டியது நேராக ஓடைக்குப் போகும். யார் திறக்கச் சொல்வது, யார் திறப்பது, எத்தனை நேரம். நான் எத்தனை பியூரெட் உடைத்தாலும் கிடைக்காத விவரம்.

எழுதித் தருகிறீர்களா என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "நீயே எழுது வாத்தியாரே. ஆனா நான் சொன்னேன்னு தெரியக் கூடாது."

உட்கார்ந்து எழுதினேன். முடியவில்லை. மூன்றாவது தொட்டியின் வால்வு என்று எழுதினால் அதைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். இரவு ஷிஃப்ட் என்றால் ஒருவர். விவரத்தைக் குறைத்தால் ஆளைக் காப்பாற்றலாம். குறைக்கக் குறைக்க அது யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய புகாராக ஆகிவிட்டது. விவரத்தை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினோம். 'பொதுவான புகார், குறிப்பிட்ட ஆதாரம் இல்லை' என்று பதில் வந்தது. நான் இன்னும் கொஞ்சம் துணிந்திருக்க வேண்டும் என்று நண்பர்கள் சொன்னார்கள். யாருடைய துணிவு அது? எனக்கு அரசு உதவி பெறும் பள்ளியில் நிரந்தர வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். அவர் முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் கழிந்தபாடில்லை. அவர் தலையை வைத்து நான் துணிச்சல் காட்டுவதில் எந்த நியாயமும் இல்லை என்றே அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

தன் தலையையே வைத்தவர்களும் உண்டு. எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகும் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை, தங்க நாற்கரத் திட்டத்தில் போட்டது. அதே திட்டத்தில் வடக்கே வேலை பார்த்த பொறியாளர் சத்யேந்திர துபே, கான்பூர் ஐஐடியில் படித்தவர், ஒப்பந்தங்களில் நடந்த ஊழலைப் பற்றி 2002-இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு மேஜை மேஜையாகப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றது சிபிஐ. 2010-இல் மூவருக்குத் தண்டனையும் ஆனது. ஊழலை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2014-இல் நிறைவேற்றியது, அரசு அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. ஐஐடி பொறியாளரின் பெயரைக் காக்கத் தெரியாத அலுவலகம் தொட்டி கழுவுகிறவர் பெயரைக் காக்குமா? டோல்கேட்டில் பணம் கட்டும்போதெல்லாம் இந்த நினைப்பு வராமல் போவதில்லை.

என்னிடம் படித்த பையன் ஒருவன் எம்.எஸ்.சி. முடித்துவிட்டு வேலூரில் தனியார் லேப் ஒன்றில் சேர்ந்தான். ஆலைகளின் கழிவுநீரைச் சோதித்து ரிப்போர்ட் கொடுக்கிற வேலை. ஒரு பொங்கலுக்கு இனிப்போடு பார்க்க வந்தான். வகுப்பிலேயே ரீடிங் சுத்தமாக எடுக்கிறவன் அவன். மற்றவர்கள் பக்கத்து மேஜையைப் பார்த்து எழுதும்போது இவன் மட்டும் பியூரெட்டில் கண்ணை வைத்துக் குனிந்திருப்பான்.

"நான் ரிசல்ட்ட மாத்தினதே இல்ல சார். ஒரு பாயின்ட் கூட. எந்தக் கோர்ட்லயும் நின்னு சொல்லுவேன்" என்றான். நான் ஒன்றும் கேட்காமலே சொன்னான்.

"சாம்பிள் எப்ப எடுப்ப?"

"காலைல பத்து, பத்தரைக்கு சார். வண்டி அனுப்புவாங்க."

"ராத்திரி ரெண்டு மணிக்குப் போயிருக்கியா?"

சிரித்தான். "மணி மட்டும் அவங்க சொல்றாங்க சார்."

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் பயம் வந்தது. எண் உண்மை, கருவி உண்மை, கையெழுத்து உண்மை. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள், குரோமியம் 2 மில்லிகிராமுக்குள் என்று காகிதம் சொல்லும், பத்தரை மணித் தண்ணீரைப் பொறுத்தவரை அது நிஜம். பொய்க் காகிதத்தைக் கிழித்துவிடலாம். நிஜக் காகிதத்தை என்ன செய்வது? லஞ்ச ஒழிப்புத் துறை பொறி வைக்கும்போது நோட்டில் ஃபீனால்ஃப்தலீன் தடவிக் கொடுப்பார்கள். வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். என் பாடத்தில் உள்ள அதே சமாச்சாரம். மாணவர்களுக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பணம் தொட்ட கையை அது காட்டும். மணி சொன்ன வாயைக் காட்ட அப்படி ஒரு கரைசல் இல்லை.

2014-இல் மத்திய வாரியம், தோல் ஆலை உட்பட 17 வகைத் தொழில்கள் இருபத்துநாலு மணி நேரமும் தானாக அளந்து அனுப்பும் கருவி வைக்க வேண்டும் என்றது. மணிப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். பையனிடம் போனில் சொன்னேன். "சென்சார எங்க போடறதுன்னு ஒண்ணு இருக்கு இல்ல சார்" என்றான். மறு வருடம், 2015 ஜனவரி 31 அன்று, ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் படுத்திருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். தண்ணீரின் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் அட்டவணை வைத்திருந்த எங்கள் யார் கணக்கிலும் அந்தச் சுவர் இல்லை.

இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். பாட்டில் குறைந்துவிட்டது, ஆர்.ஓ. விற்கிறவர்கள் கொடுத்த பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டர் வீட்டுக்கு வீடு இருக்கிறது. மீட்டர் காட்டிய எண்ணைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். தேதியும் மணியும் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்கிறேன். தண்ணீர்ச் சட்டத்தின் 49-ஆம் பிரிவைக் காட்டுகிறேன்: 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் வாரியம் அல்லாத எந்தக் குடிமகனும் நேராக நீதிமன்றத்தில் புகார் வைக்கலாம், வாரியத்திடம் இருக்கும் ரிப்போர்ட்டுகளைக் கேட்டு வாங்கலாம். 1988-இல் சேர்த்த வழி இது. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எண்ணைப் பார்க்காதீர்கள், மாதிரி எடுத்த நேரத்தை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதுங்கள் என்கிறேன். எல்லாம் காலை பத்து, பதினொன்று என்று வரிசையாக நிற்கும். அதைப் படிக்க வேதியியல் வேண்டாம்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன். நஷ்டஈடு கிடைக்காதவர்களுக்கு அரசு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு வேண்டும் என்றது. குழுவில் அதிகாரிகள், சுற்றுச்சூழல் நிபுணர்களோடு பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்று படித்ததும் டீக்கடையில் பேச்சு சூடுபிடித்தது. யாரையாவது சொல்லி எழுதிப் போடலாம் என்றார்கள். "வாத்தியார்தான் சரி, இங்கிலீஷ்ல பேசுவாரு."

எனக்கு வேண்டாம் என்றேன். நிபுணர் நாற்காலி ஏற்கெனவே இருக்கிறது, அதில் உட்காரப் பல்கலைக்கழகங்களில் ஆள் இருக்கிறார்கள். இது கிணற்றுக்காரன் நாற்காலி. நான் போய் உட்கார்ந்தால் அதுவும் நிபுணர் நாற்காலி ஆகிவிடும். சித்தப்பா மகன் போகட்டும், இல்லையென்றால் தொட்டி வேலையிலிருந்து நின்றுவிட்ட அந்த மாப்பிள்ளை போகட்டும். பேப்பர் படிக்க, நேரத்தைக் குறிக்க நான் பின்னால் இருக்கிறேன் என்றேன்.

"போறேன்" என்றார் மாப்பிள்ளை. முடி முழுக்க நரைத்திருந்தது. "கூட்டத்துக்குப் போனா அன்னைக்குக் கூலி யாரு தருவா? பஸ் செலவு?"

ஆளுக்கு நூறு போடலாம் என்றார் ஒருவர். கமிட்டியே தர வேண்டும், கேட்டு எழுதலாம் என்றார் இன்னொருவர். நூறுக்காரர்களும் கமிட்டிக்காரர்களும் டீ ஆறும்வரை கத்திக்கொண்டிருந்தார்கள்; எழுத வேண்டிய மனுவில் கூலியை எந்த வரியில் சேர்ப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.